கறுப்பு வெள்ளைக் கட்டங்களில் நம் இடம்: ‘ஸ்பெஷல்ஸ்’ முதல் தொகுப்பை முன்வைத்து

1979ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கோவெண்ட்ரி நகரத்து இளைஞர்கள் சிலர் 700 பவுண்டு கடன் வாங்கி ஒரு பாட்டைப் பதிவு செய்தார்கள். இசைத்தட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு. கையிலிருந்த பணம் ஒரு பக்கத்தோடு தீர்ந்துவிட்டது. அதே ஊரைச் சேர்ந்த நோயல் டேவிஸ் என்ற கிட்டார்க்காரர், இந்தக் குழுவின் டிரம்ஸ் வாசிப்பாளர் ஜான் பிராட்பரியோடு சேர்ந்து 1977லேயே பதிவு செய்து சும்மா வைத்திருந்த ஒரு வாத்திய இசை இருந்தது. அதை வாங்கி மறுபக்கத்தில் போட்டார்கள். மொத்தம் 5,000 பிரதிகள். வெள்ளை உறைகளில் ரப்பர் முத்திரை குத்தித்தான் பெயர் பொறித்தார்கள். ‘கேங்ஸ்டர்ஸ்’ என்ற அந்தப் பாட்டு பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் ஆறாவது இடம்வரை ஏறியது. அதே ஆண்டு அக்டோபரில், ‘ஸ்பெஷல்ஸ்’ என்று குழுவின் பெயரையே தலைப்பாக வைத்து 14 பாட்டுகள் கொண்ட முதல் தொகுப்பு வந்தது.

இந்தக் கதையை நம்மூரில் சொன்னால் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று தெரியும். ஜொகூர் பாருவில் நான்கு தமிழ்ப் பையன்கள் கிட்டாரோடு உட்கார்ந்தால் பேச்சு சீக்கிரமே ஸ்டூடியோ வாடகைக்கும், ஸ்பான்சருக்கும், ‘லோக்கல் பாட்டை யாரு கேட்கிறா’ என்ற இடத்துக்கும் வந்துவிடும். அப்போது இந்த 700 பவுண்டு கதை ஒரு தன்னம்பிக்கை உரை மாதிரி பயன்படும். நான் அதற்காக இதை எழுதவில்லை. இந்தத் தொகுப்பை ஒரு ஊரின் குரல் என்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஊரில் இருந்த எல்லோரும் அந்தக் குரலில் இருக்கிறார்களா என்பதுதான் என் கேள்வி. அதைக் கேட்பதற்கு முன் இந்த இசை என்ன, எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

ஸ்கா என்பது ஜமைக்காவின் இசை. ‘தக தக தக தக’ என்று வாயால் சொல்லிக்கொண்டே நடந்து பாருங்கள். ‘த’ விழும்போது கால் தரையில் இருக்கும். ‘க’ விழும்போது கால் தூக்கத்தில் இருக்கும். ஸ்காவில் கிட்டாரும் பியானோவும் அந்தக் ‘க’வில்தான் வெட்டும். கால் தரையில் இல்லாத நேரத்தில் ஒலி விழுவதால் உடம்பு தானாக மேலே எழும்பப் பார்க்கும். இந்த இசைக்கு ஆட வராதவர்களும் குதிப்பதற்கு இதுதான் காரணம்.

1950களின் இறுதியில் கிங்ஸ்டன் நகரத்து இசைக்கலைஞர்கள் அமெரிக்க வானொலியில் கேட்ட கறுப்பின இசையைத் தங்கள் கைப்பக்குவத்தில் மாற்றியபோது இது பிறந்தது. ஜமைக்கா விடுதலை பெற்றது 1962 ஆகஸ்ட் 6. நம் மெர்டேக்காவுக்கு ஐந்து ஆண்டு கழித்து. ஸ்கா அந்த விடுதலையின் கொண்டாட்ட ஒலியாக இருந்தது. 1963இல் கிளமெண்ட் டாட் ஆரம்பித்த ‘ஸ்டூடியோ ஒன்’னில், 1964இல் உருவான ஸ்கட்டலைட்ஸ் குழு இதற்கு ஒரு முழு வடிவம் கொடுத்தது. அந்தக் குழுவின் முக்கியமான ஊதுகருவிக் கலைஞர்கள் பலர் ஆல்ஃபா என்ற பள்ளியில் கன்னியாஸ்திரீகளிடம் வளர்ந்த ஏழைப் பிள்ளைகள். டிராம்போன் கலைஞர் டான் டிரம்மண்ட் அவர்களில் ஒருவர். 60களின் பிற்பாதியில் தாளம் மெதுவாகி ராக்ஸ்டெடி ஆனது, பிறகு ரெக்கே ஆனது. இதற்குள் பிரிட்டனுக்கு வேலை தேடிப்போன ஜமைக்கா மக்களோடு இசைத்தட்டுகளும் கடல் தாண்டிவிட்டன.

போன இடத்தில் ஒரு வினோதம் நடந்தது. 60களின் கடைசியில் ஜமைக்கா இசையை மிக ஆசையாக வாங்கிக் கேட்டவர்களில் வெள்ளைத் தொழிலாளர் வீட்டு மொட்டைத்தலைப் பையன்களும் உண்டு. ஸ்கின்ஹெட்ஸ் என்று சொல்வார்களே, அவர்கள்தான். பத்து ஆண்டுகளில் அதே தோற்றம் ‘தேசிய முன்னணி’ என்ற இனவாதக் கட்சியின் தெருப்படைக்கு அடையாளமாகிவிட்டது. கறுப்பர் இசையைக் கேட்டு ஆடிய அதே மாதிரி பூட்ஸ் போட்ட கால்கள் கறுப்பர்களையும் ஆசியர்களையும் உதைக்கப் போயின. ஸ்பெஷல்ஸ் பிறந்தது இந்த இடைவெளியில்.

கோவெண்ட்ரி கார் தொழிற்சாலைகளின் ஊர். 1940 நவம்பரில் ஜெர்மன் குண்டுவீச்சில் அதன் பேராலயம் இடிந்தது. போருக்குப் பிறகு சிமெண்டால் எழுப்பப்பட்ட நகரம் அது. 70களின் இறுதியில் கார் தொழில் சரிய ஆரம்பித்திருந்தது. பாசிர் கூடாங்கில் ஆலைகள் ஒவ்வொன்றாக ஆள் குறைத்தால் மாசாய் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் ஓரளவு புரியும். அங்கே கலைக்கல்வி படித்த ஜெர்ரி டாமர்ஸும் ஹோரஸ் பாண்ட்டரும், ஜமைக்காவில் பிறந்த கிட்டார் கலைஞர் லின்வல் கோல்டிங்கும் 1977இல் ஒரு குழு தொடங்கினார்கள். பிறகு ராடி ரேடியேஷன் கிட்டாருக்கும், டெர்ரி ஹால் பாட்டுக்கும் வந்தார்கள். மேடைச் சாமான் தூக்க வந்த நெவில் ஸ்டேப்பிள், இவரும் ஜமைக்காவில் பிறந்தவர், ஒலிவாங்கியைப் பிடித்துத் தாளத்துக்கு மேல் பேச ஆரம்பித்து மேடைக்கே வந்துவிட்டார். கடைசியாக பிராட்பரி. ஏழு பேர். ஐந்து வெள்ளையர், இரண்டு கறுப்பர்.

ஆரம்பத்தில் இவர்கள் வாசித்தது ஸ்கா இல்லை. ஒரு பக்கம் பங்க், இன்னொரு பக்கம் ரெக்கே. இரண்டையும் ஒரே பாட்டுக்குள் போட்டுப் பார்த்தார்கள். பங்க் ஓட்டம். ரெக்கே நடை, அதுவும் நிதானமான நடை. ஒட்டு தெரிந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் ஒரு பகுதிக்கு ஆடினார்கள், மறு பாதி அடுத்த பகுதிக்காகக் காத்திருந்தார்கள். 1978இல் கிளாஷ் குழுவோடு சுற்றுப்பயணம் போனபோது பிராக்னெல் என்ற ஊரில் தேசிய முன்னணி ஆதரவு மொட்டைத்தலைக் கும்பல் நிகழ்ச்சியில் புகுந்து அடிதடியில் இறங்கியது. அந்த இரவைத் தன் பாதையைத் தீர்மானித்த இரவாக டாமர்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தப் பையன்களை விலக்கி வைப்பதைவிட, அவர்களுடைய அண்ணன்கள் எந்த இசைக்கு ஆடினார்களோ அதையே திரும்ப எடுத்து நீட்டுவது. ரெக்கேவிலிருந்து பத்துப் பதினைந்து ஆண்டு பின்னால் போனால் ஸ்கா இருக்கிறது. அது பங்க் அளவுக்கு வேகம், ரெக்கே அளவுக்கு ஜமைக்கா. ஒட்டுப் போட வேண்டிய வேலையே இல்லை.

எனக்கு இந்த முடிவில்தான் பெரிய மரியாதை. பல இனம் சேர்ந்த கலை என்றாலே நம்மூரில் மேடையில் மூன்று உடை, மூன்று மேளம், கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரு பாட்டு என்று முடித்துவிடுகிறோம். ஒவ்வொருவரும் தன்னுடையதைக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பதுதான் கலப்பு என்ற எண்ணம். ஸ்பெஷல்ஸ் அப்படித்தான் தொடங்கித் தோற்றார்கள். பிறகு எல்லோரும் ஏறி நிற்கக்கூடிய ஒரு பழைய தரையைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அந்தத் தரை யாருடையது என்பதையும் மறைக்கவில்லை. ‘கேங்ஸ்டர்ஸ்’ பிரின்ஸ் பஸ்டரின் ‘அல் கபோன்’ மேல் கட்டப்பட்டது. தொகுப்பின் முதல் பாட்டு டாண்டி லிவிங்ஸ்டன் 1967இல் பாடியது. ‘மங்கி மேன்’ டூட்ஸ் அண்ட் த மேடல்ஸுடையது. 14 பாட்டில் கணிசமான பங்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ பழைய ஜமைக்கா பாட்டுதான்.

தொகுப்பை லண்டனில் எல்விஸ் காஸ்டெல்லோ தயாரித்தார். ஒலியில் பூச்சு குறைவு. ஒரு சின்ன மண்டபத்தில் மேடைக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். முதல் பாட்டு ‘எ மெசேஜ் டு யூ, ரூடி’. ஊரைச் சுற்றும் முரட்டுப் பையனுக்குப் புத்தி சொல்கிற பாட்டு. இதில் ஒலிக்கும் டிராம்போன் ரிக்கோ ரோட்ரிகஸ் வாசித்தது. ரிக்கோ அந்த ஆல்ஃபா பள்ளியின் பிள்ளை, டான் டிரம்மண்டிடம் கற்றவர், பிரிட்டனுக்கு வந்து 1967இன் மூலப் பாட்டிலும் இதே இடத்தில் வாசித்தவர். பன்னிரண்டு ஆண்டு கழித்து இருபது வயசுப் பையன்கள் வந்து, ஐயா நீங்களே வந்து ஊதுங்கள் என்று அழைத்திருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு கேட்டால், புத்திமதிப் பாட்டு வேறு மாதிரி ஆகிவிடுகிறது. டெர்ரி ஹால் பாடுவதில் அதட்டல் இல்லை, கொஞ்சம் சலிப்புதான் இருக்கிறது. உண்மையான புத்தியை டிராம்போன்தான் சொல்கிறது.

ஹாலின் குரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் உணர்ச்சியைக் கொட்டாத பாடகர். இனவெறிக்கு எதிராக நேரடியாகப் பேசும் ‘டஸண்ட் மேக் இட் ஆல்ரைட்’ பாட்டை வேறு யாராவது பாடியிருந்தால் பள்ளிக்கூடத்து ஒற்றுமை தினப் பாட்டாகியிருக்கும். வரிகளில் அந்த ஆபத்து இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஹால் அதைச் சோர்ந்துபோன ஒருவன் தன்னிடமே சொல்லிக்கொள்வதுபோலப் பாடுகிறார். எதிரில் நிற்பவன் கேட்பான் என்ற நம்பிக்கை அந்தக் குரலில் அதிகம் இல்லை. அதனால்தான் நம்ப முடிகிறது.

என் கணக்கில் தொகுப்பின் உச்சம் ராடி ரேடியேஷன் எழுதிய ‘காங்கிரீட் ஜங்கிள்’. இரவில் தன் ஊரில் தனியாக நடக்கப் பயப்படும் ஒருவனின் பாட்டு. கூட்டாளிகள் கூட இருந்தால் தைரியம், இல்லாவிட்டால் ஓட்டம். யாருக்கும் அறிவுரை இல்லை, தீர்வும் இல்லை. இந்தத் தொகுப்பின் நல்ல பாட்டுகள் எல்லாமே இப்படி ஏதோ ஒரு பயத்தையோ அலுப்பையோ ஒத்துக்கொள்கிற பாட்டுகள்தான். ‘நைட் கிளப்’ வேலையில்லாதவன் காசில்லாமல் பொழுதுபோக்குக்குப் போய் வெறுத்துத் திரும்பும் பாட்டு. ‘பிளாங்க் எக்ஸ்பிரஷன்’ உள்ளே நுழைந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்க்கும் இடத்தில் நிற்பவனின் பாட்டு. அந்தப் பார்வை நமக்கும் தெரியும்.

மோசமான பாட்டுகளும் உண்டு. அவை பெண்களைப் பற்றியவை. ‘டூ மச் டூ யங்’ சீக்கிரம் கல்யாணமாகிக் குழந்தை பெற்றுவிட்ட ஒரு பெண்ணை நோக்கி ஒருவன் பேசும் பாட்டு. அவள் வாழ்க்கையை வீணாக்கிவிட்டாளாம், அவனோடு ஊர் சுற்றியிருக்கலாமாம். இதன் மேடைப்பதிவு 1980இல் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. தாளம் அபாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் குரலை நான் நம்ம தாமான் ஒட்டுக்கடைகளில் கேட்டிருக்கிறேன். பதினெட்டில் கல்யாணமான பெண் கைக்குழந்தையோடு போகும்போது, முன்பு அவள் பின்னால் சுற்றிய பையன் டீ குடித்துக்கொண்டே ‘அவ லைஃபு முடிஞ்சிபோச்சி’ என்பான். அதே குரல். முரட்டுப் பையன் ரூடியிடம் அவ்வளவு பொறுமையாகப் பேசுகிற தொகுப்பு, இந்தப் பெண்ணிடம் ஏன் இப்படிக் கத்துகிறது? ரூடிக்குப் பின்னால் ஒரு சமூகம் தெரிகிறது. இவளுக்குப் பின்னால் இவளுடைய தப்பு மட்டுமே தெரிகிறது. ‘லிட்டில் பிட்ச்’ இதைவிட மோசம். மூன்று ஆண்டு கழித்து, 1982இல், அதே குழுவின் மிச்சத்தோடு ரோடா டக்கார் ‘த பாய்லர்’ என்ற பாட்டை வெளியிட்டார். வன்புணர்வுக்கு ஆளான ஒரு பெண் தன் வாயால் சொல்லும் கதை. கேட்பது மிகக் கடினம். முதல் தொகுப்பின் இந்தக் குறைக்கு அதே கம்பெனியிலிருந்து வந்த பதில் என்றே அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

இனி என் கேள்விக்கு வருகிறேன். டாமர்ஸ் தொடங்கிய கம்பெனியின் பெயர் ‘2 டோன்’, இரண்டு நிறம். அதன் சின்னம் கறுப்பு வெள்ளைக் கட்டங்களும், கறுப்பு கோட்டு வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மனிதனும். பீட்டர் டாஷின் பழைய படம் ஒன்றைப் பார்த்து வரைந்தது. இன்றைக்கும் ஜொகூர் பாருவில் பங்க், ஸ்கா நிகழ்ச்சிகளுக்குப் போனால் இந்தக் கட்டங்களைப் பனியனிலும் காலணியிலும் பார்க்கலாம். போட்டிருப்பவர்கள் பெரும்பாலும் மலாய் இளைஞர்கள். கோலாலம்பூரின் கெர்ஹானா ஸ்காசிந்தா மாதிரி மலாயில் ஸ்கா வாசித்த குழுக்களும் நம் நாட்டில் உண்டு.

என் அத்தை மகன் கல்யாண விருந்துகளில் கீபோர்டு வாசிப்பவன். அவனுக்கு இந்தத் தொகுப்பைப் போட்டுக் காட்டினேன். மூன்று பாட்டு தலையாட்டிக் கேட்டான். உறையில் இருந்த ஏழு பேர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “அண்ணே, இதுல நம்ம ஆளு யாரு?” என்றான்.

சிரித்துவிட்டேன். நாம் எல்லா இடத்திலும் முதலில் கேட்கும் கேள்வி அது. தொலைக்காட்சித் தொடரில், சுதந்திர தின விளம்பரத்தில், கால்பந்து அணியில் நம்ம ஆள் ஒருத்தர் இருக்கிறாரா என்று எண்ணிப் பார்த்துத்தான் பழகியிருக்கிறோம். அவன் கேள்விக்கு ஒரு சுலபமான பதிலும் இருக்கிறது. ஜெர்ரி டாமர்ஸ் 1955இல் ஊட்டியில் பிறந்தவர். அப்பா பாதிரியார், பிற்பாடு கோவெண்ட்ரி பேராலயத்திலும் பணியாற்றியவர். சொன்னதும் அவன் முகம் மலர்ந்துபோனது. “அப்ப நம்ம ஊரு!” என்றான். இந்தத் தகவலை வைத்து ‘ஸ்காவை உலகுக்கு மீட்டுத் தந்த தமிழக மண்’ என்று ஒரு கட்டுரை எழுதிவிட முடியும். எழுதுவதற்கு ஆளும் இருப்பார்கள். ஊட்டியில் பிறந்தது ஒரு பிறப்புச் சான்றிதழ் விவரம், அவ்வளவுதான். அந்த மனிதரின் இசையில் ஊட்டி இல்லை.

உண்மையான பதில் கொஞ்சம் சங்கடமானது. நம்ம ஆள் அந்தக் குழுவில் இல்லை. ஆனால் அந்த ஊரில் இருந்தார். இந்தியத் தொழிலாளர் சங்கம் என்ற அமைப்பு பிரிட்டனில் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது கோவெண்ட்ரியில்தான், 1938இல். போருக்குப் பிறகு ஆயிரக்கணக்கான பஞ்சாபிகள் அந்த ஊரின் ஆலைகளிலும் வார்ப்படக் கூடங்களிலும் வேலை பார்த்தார்கள். தொகுப்பு வந்த 1979ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 23 அன்று லண்டனின் சவுத்தாலில், இந்தியர்கள் நிறைந்த பகுதியில், தேசிய முன்னணி கூட்டம் போட்டது. எதிர்த்துத் திரண்டவர்கள் மேல் போலீஸ் பாய்ந்ததில் பிளேர் பீச் என்ற ஆசிரியர் கொல்லப்பட்டார். அங்கேயே இயங்கிவந்த ரெக்கே குழு ‘மிஸ்டி இன் ரூட்ஸ்’ஸின் மேலாளர் படுகாயமடைந்தார். தெருவில் அடி வாங்கும்போது கறுப்பரும் வெள்ளையரும் ஆசியரும் ஒன்றாகத்தான் வாங்கியிருக்கிறார்கள். கட்டத்தில் மட்டும் இரண்டு நிறம்.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு. அன்றைய பிரிட்டனில் ‘கறுப்பர்’ என்பது அரசியல் சொல். ஆசியச் செயல்பாட்டாளர்கள் பலர் தங்களையும் அதில் சேர்த்தே சொல்லிக்கொண்டார்கள். அப்படிப் பார்த்தால் கறுப்புக் கட்டத்தில் நாமும் இருக்கிறோம். நியாயமான வாதம்தான். ஆனால் கணக்கில் சேர்வது வேறு, காதில் கேட்பது வேறு. 1977இல், ஸ்பெஷல்ஸ் பிறந்த அதே ஆண்டில், சவுத்தாலில் ‘அலாப்’ என்ற பாங்ரா குழு பிறந்தது. அது கல்யாண வீடுகளிலும் பஞ்சாபிக் கடை ஒலிநாடாக்களிலும் தனியாக வளர்ந்தது. ஜமைக்கா இசையும் பஞ்சாபிக் குரலும் சேர்ந்து பெரிய அளவில் வெளியே கேட்டது 90களில், பர்மிங்காமின் அப்பாச்சி இந்தியன் வழியாக. நமக்கு அவரைத் தெரியும். 1996இல் ‘லவ் பேர்ட்ஸ்’ படத்தில் ரகுமான் இசையில் பாடியவர். கோவெண்ட்ரிக்கும் பர்மிங்காமுக்கும் பக்கம்தான். அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு தலைமுறை ஆகியிருக்கிறது.

1981 ஏப்ரலில் கோவெண்ட்ரி நகர மையத்தில், பட்டப்பகலில், சத்னாம் சிங் கில் என்ற மாணவரை மொட்டைத்தலைக் கும்பல் ஒன்று கொன்றது. ஸ்பெஷல்ஸ் அந்த ஜூனில் அதே ஊரின் விளையாட்டரங்கில் இன ஒற்றுமைக்காகப் பெரிய நிகழ்ச்சி நடத்தினார்கள். அதே மாதம் வந்த ‘கோஸ்ட் டவுன்’ பாட்டு, நாடெங்கும் கலவரம் நடந்துகொண்டிருந்தபோது முதலிடத்தில் இருந்தது. அதற்குப் பிறகு குழு உடைந்தது. இவர்களுடைய நேர்மையில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர்களில் கோல்டிங்கே இனவெறியர்களிடம் தெருவில் அடி வாங்கியவர். நான் சொல்வது இதுதான்: சத்னாமுக்காக அவர்கள் மேடை ஏறினார்கள், சத்னாமின் அண்ணன் தம்பிகளோடு சேர்ந்து ஒரு பாட்டு செய்யும் வாய்ப்பு அமையவில்லை. கோல்டிங்கும் ஸ்டேப்பிளும் குழுவுக்குள் இருந்ததால்தான் ஜமைக்கா அந்த இசையின் தரையாக ஆனது. பஞ்சாபிகள் வெளியே இருந்ததால் அவர்கள் அதன் கரிசனமாக மட்டும் ஆனார்கள்.

ஜமைக்காவிலும் இதே கதை உண்டு என்பதுதான் வேடிக்கை. 1845 முதல் 1917 வரை ஏறத்தாழ 36,000 இந்தியர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். நம் முப்பாட்டன்களை மலாயாவுக்கு ஏற்றிவந்த அதே ஏற்பாட்டின் இன்னொரு கிளை. அந்தத் தீவின் இசையைக் கேட்கும் உலகத்துக்கு அவர்கள் விட்டுப்போனதாகத் தெரிவது ‘கஞ்சா’ என்ற சொல் ஒன்றுதான்.

நமக்குக் கட்டங்கள் புதிது இல்லை. பள்ளிக்கூடப் பாரம், வங்கிப் பாரம், கிளினிக் பாரம் எல்லாவற்றிலும் மலாய், சீனர், இந்தியர், லாயின்-லாயின் என்று டிக் போட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால் ‘நம்ம ஆளு எந்தக் கட்டத்தில்’ என்று தேடுவது இயல்பு. ஆனால் அந்தத் தேடல் எங்கே கொண்டுவிடும் என்பதற்கு நம் இசை வரலாற்றிலேயே சாட்சி உண்டு. எழுபதுகளின் இறுதியில், ஸ்பெஷல்ஸ் இயங்கிய அதே காலத்தில், பினாங்கின் ஆலிகேட்ஸ் குழு மலாய்ப் பாட்டுகளால் நாடு முழுக்கப் புகழ் பெற்றது. அதன் முகமும் குரலும் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்கள். பல இனத்தவர் சேர்ந்த குழு. லோகாவின் குரலை நான் இன்றும் வியந்து கேட்கிறேன். நம்ம ஆள் மேடையின் நடுவிலேயே நின்றார். ஆனால் அந்தக் காதல் பாட்டுகளில் அவர் எந்தத் தெருவிலிருந்து வந்தார் என்பது கேட்காது. அது அவர்களுடைய குறை இல்லை. அவர்கள் செய்ய நினைத்த காரியமே வேறு. ஆள் இருப்பதை மட்டும் எண்ணினால் அங்கே நமக்கு முழு மதிப்பெண் கிடைக்கும் என்பதைத்தான் சொல்கிறேன்.

2006இல் யோகி பி அண்ட் நட்சத்ரா ‘வல்லவன்’ தொகுப்பைத் தந்தபோது வேறொன்று நடந்தது. ‘நிழல்கள்’ படத்துக்கு இளையராஜா போட்ட ‘மடை திறந்து’ பாட்டை எடுத்து, அதன் மேல் மலேசியத் தமிழ்ப் பையன்கள் தங்கள் உச்சரிப்பில் பேசினார்கள். பிரின்ஸ் பஸ்டர் மேல் ஸ்பெஷல்ஸ் கட்டிய மாதிரிதான். எல்லோருக்கும் தெரிந்த பழைய தரையை எடுத்து, அதில் நின்று தன் ஊரைப் பேசுவது. தமிழ்நாட்டிலும் அது கேட்கப்பட்டது. ஆனால் அந்தப் பழைய தரை தமிழர்களுக்குள் மட்டுமே பொதுவானது. பக்கத்துவீட்டு மலாய்ப் பையனுக்கு அது இன்னொருவர் வீட்டுப் பாட்டு.

ஸ்காவை இந்தியர்கள் தாங்களே கையில் எடுத்த கதையும் உண்டு. 2009இல் டில்லியில் தொடங்கிய ஸ்கா வெஞ்சர்ஸ் குழு 2012இல் முதல் தொகுப்பை வெளியிட்டது. 2014இல் அதே ‘ரூடி’ பாட்டை எடுத்து, ரூடியின் இடத்தில் மோடியை வைத்துப் பாடியது. கட்டத்தில் இடம் கேட்டு நிற்காமல் பாட்டையே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் மொழி ஆங்கிலம், மேடை பெருநகரத்து மேடை. தமிழில் இதற்கு இணையான கேள்வியைக் கேட்டது ஸ்கா குழு அல்ல, கானாவையும் ராக்கையும் ராப்பையும் சேர்த்த ‘த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. 2018 ஜனவரி 6 அன்று சென்னையில் முதல் மேடை. அயோத்திதாசரின் சிந்தனையிலிருந்து எடுத்த பெயர். அங்கே கோடு நிறத்தில் விழவில்லை, சாதியில் விழுந்தது. அவர்களுக்கும் எல்லோரும் நிற்கிற பழைய தரை ஒன்று இருந்தது. அது சாவு வீட்டுக் கானா. சபாக்கள் உள்ளே விடாத இசை.

ஸ்பெஷல்ஸ் தொகுப்பை அதனால்தான் நம்மூர்ப் பையன்களும் பெண்களும் கேட்க வேண்டும் என்கிறேன். அதன் வெற்றியைவிட அதன் வேலைமுறையும் அதன் ஓட்டைகளும் நமக்கு உதவும். ஜொகூரில் ஒரு தமிழ்ப் பெண், ஒரு மலாய்ப் பையன், ஒரு சீனப் பையன் சேர்ந்து ஒரு முதல் பாட்டு செய்வதாக வைத்துக்கொள்வோம். யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணி முடித்த பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கும். மூன்று பேரும் ஏறி நிற்கிற பழைய தரை எது? உருமியா, ஜோகெட்டா, கல்யாண விருந்துகளில் எல்லா இனத்தாரும் ஆடும் அந்தப் பழைய இந்திப் பாட்டா? எனக்குப் பதில் கிடையாது. அத்தை மகனிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, “சாவு வீட்டு பேண்டுண்ணே. அதுல எல்லாம் கலந்துதான் ஊதுவாங்க” என்றான். இருக்கலாம். ஊதிப் பார்த்தால்தான் தெரியும்.

கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பிரிட்டன் பதிப்பில் ‘கேங்ஸ்டர்ஸ்’ இருக்காது, அமெரிக்கப் பதிப்பில் இருக்கும். முதலில் லிவிங்ஸ்டனின் 1967 ‘ரூடி’யைக் கேட்டுவிட்டு, அடுத்ததாக ஸ்பெஷல்ஸின் ‘ரூடி’யைப் போடுங்கள். இரண்டிலும் அந்த டிராம்போன் நுழையும் இடத்தைக் கவனியுங்கள். பிறகு ‘காங்கிரீட் ஜங்கிள்’. அதற்குப் பிறகு ‘டூ மச் டூ யங்’கைக் கேட்டு, அந்தப் பெண் திருப்பிப் பாடியிருந்தால் என்ன பாடியிருப்பாள் என்று யாராவது எழுதிப் பாருங்கள். தமிழிலேயே எழுதலாம்.